குளியல் தொட்டிக்கு ஐந்து சதுர மீற்றர்

பிரான்சில் வீட்டு வரிக்கு ஒரே ஒரு நாள்தான் கணக்கு: ஜனவரி 1. அன்று வீடு எவர் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அந்த ஆண்டு முழுவதற்குமான தாக்ஸ் ஃபொன்சியேரைக் கட்ட வேண்டும். ஜனவரி 2இல் விற்றுவிட்டாலும் வரித்தாள் அவருக்கே வரும். வாங்கியவரும் விற்றவரும் நாட்கணக்குப் பார்த்துத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வது நொத்தாரிசின் மேசையில் முடிகிற காரியம். இம்போ என்று பாரிஸ் தமிழர் சொல்லும் வரிக் கந்தோருக்கு அதில் சம்பந்தமில்லை.

பாரிஸின் லா ஷப்பலில் கடை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பிதான் இதை எங்களுக்கு விளங்கப்படுத்தியவர். "அத்தான், ஜனவரி ஒண்டு எண்டதை மட்டும் மனசில வைச்சிருங்கோ. மற்றதெல்லாம் கடிதத்தில வரும்" என்றார். 2004இல் அது முழுக்க உண்மை. எல்லாம் கடிதத்தில்தான் வந்தது.

நாங்கள் லண்டன்வாசிகள். வீடு வாங்கியது க்ரூஸ் மாவட்டத்தில், பாரிஸிலிருந்து லிமோஜ் போகும் ரயிலில் லா சூத்தெரேன் நிலையத்தில் இறங்கிப் போக வேண்டிய ஒரு சிற்றூரில். கருங்கல் வீடு. அந்த மாவட்டத்து மேசன்மார்தான் 19ஆம் நூற்றாண்டில் பாரிஸைக் கட்ட நடந்தே போனவர்கள். தங்கள் ஊரிலும் சுவரைச் சுவராகக் கட்டியிருந்தார்கள். விலை மலிவு என்பதால் அந்த ஆண்டுகளில் இங்கிலாந்திலிருந்து பலரும் அங்கே வாங்கினார்கள். வாங்கும்போது வீட்டுக்குள் குளியலறை கிடையாது. அதைக் கட்டி, அறைகளுக்கு வெப்பமூட்டியும் போட்ட பிறகுதான் பிரெஞ்சு வரிக் காகிதத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கிடைத்தது.

வீட்டில் மாற்றம் செய்தால், வேலை முடிந்த 90 நாட்களுக்குள் எச்1 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். பக்கத்துச் சிறுபட்டணத்தில் அப்போது ஒரு வரிக் கந்தோர் இருந்தது. மைத்துனர் மொழிபெயர்க்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த உத்தியோகத்தர் பென்சிலை எடுத்து எங்கள் வீட்டை ஒவ்வொரு அறையாக எழுதினார். "தொட்டியா, ஷவரா?" என்று கேட்டார். தொட்டி என்றதும் ஐந்து என்று எழுதினார். ஷவர் என்றால் நாலு. முகம் கழுவும் பேசின் மூன்று, மலசலகூடம் மூன்று, குழாய்த் தண்ணீர் நாலு, மின்சாரம் இரண்டு, வெப்பமூட்டிய அறை ஒவ்வொன்றுக்கும் இரண்டு. எல்லாம் சதுர மீற்றர். வீட்டில் இல்லாத இடம் வரிக்காக இப்படி வீட்டோடு கூட்டப்படுகிறது. பெரும் மாளிகை தொடங்கி மிக மோசமான குடிசை வரை வீடுகளுக்கு எட்டுத் தரம் உண்டு. தரத்தையும் கூட்டிய பரப்பையும் கொண்டு, 1970 ஜனவரி 1இல் இந்த வீட்டுக்கு எவ்வளவு வாடகை கிடைத்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அந்தக் கற்பனை வாடகையை ஆண்டுதோறும் ஒரு விகிதத்தால் உயர்த்தி, அதில் பாதியின் மேல் ஃபொன்சியேர் போடுகிறார்கள். குடியிருப்புக்கான தாக்ஸ் தபித்தாசியோனுக்கு முழுத் தொகையும் கணக்கு.

யாழ்ப்பாணத்தில் அப்பா சோலைவரி கட்டியதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது புதினமாக இருந்தாலும் பிடித்திருந்தது. வீட்டு வரியில் பிரான்சுக்கு நீண்ட பழக்கம். நில வரி 1790இல் புரட்சியோடு வந்தது. 1798இல் கதவையும் ஜன்னலையும் எண்ணி வரி போடத் தொடங்கி 1926 வரை எண்ணினார்கள். 1807இல் நெப்போலியன் நாடு முழுவதையும் துண்டு துண்டாக அளந்து தோம்பு எழுதச் சொன்னார். எங்கள் தொட்டியைப் பென்சிலால் எழுதிய அந்த மனிதர் அந்த வரிசையில் வந்தவர். அவர் எங்களை அவசரப்படுத்தவில்லை. என் மனைவி கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். கடைசியில் படிவத்தின் பிரதியில் முத்திரை குத்தித் தந்தார். வரி எவ்வளவு கூடும் என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார். ஓர் அரசாங்கத்திடம் ஒரு குடும்பம் எதிர்பார்க்கக்கூடியது அதுதான் என்று நான் அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த ஆண்டுகளில் இலையுதிர் காலத்தில் இரண்டு தாள்கள் வரும். ஃபொன்சியேருக்கு அக்டோபர் 15, தபித்தாசியோனுக்கு நவம்பர் 15. 2022இல் ஒழியும் வரை தொலைக்காட்சிக் கட்டணமும் இரண்டாவது தாளிலேயே இருந்தது. அடியில் கிழித்தெடுக்கும் துண்டில் தேதி எழுதிக் கையெழுத்திட்டு, காசோலையோடு உறையில் போட வேண்டியதுதான். மாடு வளர்க்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே வாரத்தில் அதே தாள்கள் வரும். அவருடைய சமையலறை மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஊர்ச் சபைக்கு இவ்வளவு, மாவட்டத்துக்கு இவ்வளவு, குப்பைக்கு இவ்வளவு. விகிதம் ஒன்று, குறையும் ஒன்று. அந்த ஊரில் எங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது என்று நான் உணர்ந்தது அந்த மேசையில்தான்.

குறை இல்லாமலும் இல்லை. ஓர் ஆண்டு தாள் லண்டனுக்கு வந்து சேர்ந்தபோது கட்ட வேண்டிய நாள் கடந்துவிட்டது. பின்னாலேயே பத்து வீத அபராதத்தோடு மற்றொரு கடிதம். உறையில் இருந்த தபால் முத்திரையைப் பிரதி எடுத்து, மைத்துனர் எழுதித் தந்த கடிதத்தோடு அனுப்பினோம். அபராதத்தை நீக்கினார்கள். கடிதத்தை ஒருவர் வாசித்திருந்தார்.

அந்தக் கந்தோர் இப்போது இல்லை. காசோலையும் ஏறக்குறைய இல்லை. 2019இலிருந்து வரி 300 யூரோவைத் தாண்டினால் இணையத்திலோ வங்கிக் கணக்கிலிருந்து நேரடிக் கழிப்பாகவோதான் கட்ட வேண்டும். இணையத்தில் கட்டுவதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. வீடு வேறு நாட்டில் இருப்பவனுக்கு அது வரம். ஆனால் உள்ளே போகக் கணக்குத் திறக்க வேண்டும். கணக்குத் திறக்க மூன்று எண் கேட்கும்: 13 இலக்க வரி எண், இணைய நுழைவு எண், கடைசி வருமான வரித்தாளில் உள்ள வருமானத் தொகை. முதலாவது எங்கள் வரித்தாளில் இருந்தது. மற்ற இரண்டும் பிரான்சில் வருமான வரிக் கணக்குக் கொடுப்பவருக்கு உரியவை. எங்களுக்கு அங்கே வருமானமே இல்லை. கடவுச்சீட்டுப் பிரதியோடு விண்ணப்பித்தோம். வந்த பதில், நுழைவு எண்ணை வருமான வரித்தாளில் பார்க்கச் சொன்னது. திரும்ப எழுதினோம். முன்பு ஒருவர் பென்சிலை வைத்துவிட்டு "உங்களுக்கு அந்தத் தாள் இல்லைத்தானே?" என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் கிடைக்க மாதங்கள் போயின.

இதே நிர்வாகத்தின் கண் மேலிருந்து நன்றாகவே தெரிகிறது. 2022இல் ஒன்பது மாவட்டங்களின் வான் படங்களைக் கணினிக்குக் காட்டி, அறிவிக்காமல் விட்ட 20,000க்கும் மேற்பட்ட நீச்சல் குளங்களைக் கண்டுபிடித்தார்கள். சரியான வேலைதான். குளம் வைத்திருப்பவர் கட்டாத வரியை மாடு வளர்ப்பவர் சுமக்கக் கூடாது. குளத்தைத் தேடுகிற அக்கறையில் ஒரு பங்கையாவது, வரி கட்ட வழி கேட்டு நிற்பவர் பக்கம் திருப்ப வேண்டும் என்பதே என் வழக்கு.

2023 எல்லாவற்றையும் மாற்றிய ஆண்டு. மக்ரோன் 2017 தேர்தலில் பெரும்பாலான குடும்பங்களுக்கு வாக்குறுதி அளித்து, பிறகு எல்லோருக்கும் விரித்தபடி, நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான தபித்தாசியோன் படிப்படியாகக் குறைந்து அந்த ஆண்டோடு ஒழிந்தது. இரண்டாம் வீட்டுக்கு மட்டும் அப்படியே நின்றது. பாரிஸ் போல வீட்டுத் தட்டுப்பாடுள்ள இடங்களில் அதன் மேல் 60 வீதம் வரை மேல்வரி உண்டு. எங்கள் ஊரில் அது இல்லை. ஆனால் அந்த ஆண்டு பணவீக்கத்தால் அந்த 1970 வாடகை 7.1 வீதம் ஏறியது. எந்த வீட்டில் யார் எப்படிக் குடியிருக்கிறார் என்று சொந்தக்காரர் ஒவ்வொருவரும் இணையத்தில் அறிவிக்க வேண்டும் என்ற புதிய கடமையும் வந்தது. ஜூன் 30 என்ற கெடுவை ஓகஸ்ட் 10 வரை தள்ள வேண்டியிருந்தது. கட்டத் தேவையில்லாத பலருக்கும் இலையுதிர் காலத்தில் தபித்தாசியோன் தாள் போய்விட, கணக்காய்வு மன்றம் பிறகு அதைக் கடுமையாக விமர்சித்தது.

எங்கள் கணக்கு ஒருவழியாகத் திறந்தபோது திரையில் வீட்டின் விவரம் வந்தது. அறைகள், பேசின், தொட்டி ஒன்று. அன்று பென்சிலால் எழுதியது அப்படியே இருந்தது. 'இரண்டாம் வீடு' என்ற கட்டத்தை அழுத்தி முடித்தோம்.

அந்த ஆண்டிலிருந்து பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு தாள்தான். எனக்கு இரண்டு. அவருடைய சுமை குறைந்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆண்டு முழுவதும் அந்தத் தெருவில் விளக்கு எரிய வைப்பவர் அவர். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காரர் கூடக் கட்டுவது நியாயம். ஆனால் அந்த மேசைக்கு இப்போது வேலை இல்லை. லியோனில் இருக்கும் அவருடைய தங்கைக்கு அம்மாவின் வீடு பங்காக வந்திருக்கிறது. அவரும் இப்போது என் பட்டியலில் இருக்கிறார். பிறந்து வளர்ந்த வீட்டை இரண்டாம் வீடு என்று அறிவிக்க அவர் மிகவும் வருந்தினார். பிரான்சின் இரண்டாம் வீடுகளில் பெரும்பாலானவை பிரெஞ்சுக்காரருடையவைதான். அவற்றில் பலவும் இப்படி வந்தவை.

ஒன்றில் மட்டும் அந்தத் தங்கையும் நானும் வேறு. ஓர் ஊரில் தொடர்ந்து இரண்டு ஆண்டு வரி கட்டும் பிரெஞ்சுக் குடிமகர் அங்கே வாக்காளராகப் பதியலாம். பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரருக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய 2020 ஜனவரி 31க்குப் பிறகு, ஊர்ச் சபைத் தேர்தலில் எந்த உரிமையும் இல்லை. பிரான்ஸ் முழுவதிலும் 700க்கும் மேற்பட்ட பிரித்தானிய உறுப்பினர்கள் அப்படித்தான் சபைகளை விட்டுப் போனார்கள். வரி விகிதத்தை வைக்கிறவர்கள் சபையினர். கட்டுகிறவர்களில் ஒரு பகுதிக்கு அவர்களிடம் கேட்க வழியில்லை. இது எனக்கு உறுத்துகிறது.

சபைக் கூட்டங்கள் எவருக்கும் திறந்தவை. பார்வையாளர் கேட்கலாம், பேச முடியாது. வரவு செலவுத் திட்டம் நிறைவேறும் வசந்த காலக் கூட்டத்துக்கு முடிந்தபோது போய் உட்காருகிறேன். பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு, தெருவுக்கு எவ்வளவு, தேவாலயத்துக் கூரைக்கு எவ்வளவு என்று வாசிக்கும்போது குறித்துக்கொள்கிறேன். மூடிய கந்தோர்களுக்குப் பதிலாக நாடெங்கும் பிரான்ஸ் சேர்வீஸ் என்ற உதவி நிலையங்கள் திறந்திருக்கின்றன. எங்கள் நுழைவு எண் சிக்கலைத் தீர்த்தவர் அப்படி ஒரு நிலையத்தில் இருந்த இளம் பெண்தான். தாளை வாங்கிப் பார்த்ததும் "உங்களுக்கு இங்கே வருமானம் இல்லையா?" என்று கேட்டார். கடைசிக் கூட்டம் கலைந்த பிறகு மேயரிடம் அதைச் சொல்லி, வரித்தாள் வரும் செப்டம்பரில் ஒரு நாளாவது அந்த நிலையத்திலிருந்து ஓர் ஆளை ஊருக்கு வரவழைக்க முடியுமா என்று கேட்டேன். லியோன்காரியும் பக்கத்தில் நின்று, தனக்கும் அது வேண்டும் என்றார். எழுதிக் கேட்கிறேன் என்று மேயர் சொல்லியிருக்கிறார்.