ஒத்தையிலயா போற?

பெண் ஒருத்தி ராத்திரி ரயிலில் தனியாகப் போகிறாள் என்றால், அவளைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் போய்விடும். எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறப்போகிறேன் என்றதும் அத்தை ஒரு கொத்து ஊக்கைக் கையில் திணித்தாள். டவுன் பஸ் காலத்து ஆயுதம். அவள் தலைமுறை இதை வைத்துத்தான் காலேஜே முடித்தது. அண்ணன் பெட்டியைப் பூட்டச் சங்கிலி வாங்கி வந்து, கீழ் பெர்த்துக்கு அடியில் வளையம் எங்கே இருக்கும் என்று படம் வரைந்து காட்டினான். அப்பா என் போனில் ரயில்வே உதவி எண்ணான 139-ஐப் பதிந்து கொடுத்தார். முன்பு பாதுகாப்புக்கென்று 182 தனியாக இருந்தது. 2021-இல் அதையும் 139-இல் சேர்த்துவிட்டார்கள்.

அம்மாவின் சட்டம் சுருக்கமானது. "யார்கிட்டயும் பேரு, ஊரு சொல்லாத. எது குடுத்தாலும் வாங்கித் திங்காத."

சரியான சட்டம்தான். மயக்க பிஸ்கட் செய்தியைப் படிக்காதவர் யார்? ஆனால் எதிர் சீட்டில் ஒரு திருநெல்வேலி ஆச்சி உட்கார்ந்திருந்தால் இந்தச் சட்டம் தாம்பரம் வரைகூடத் தாங்காது.

"ஒத்தையிலயா போற?"

"இல்ல ஆச்சி, வீட்டுக்காரர் அடுத்த கோச்சுல இருக்காரு." தனியாகப் போகும் பெண்களுக்கென்றே காலங்காலமாகச் சொல்லித்தரப்படும் பொய் இது. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

"அவரு அங்க, நீ இங்கயா? டிடிஆர்ட்ட சொல்லி மாத்திருவோம்."

செங்கல்பட்டு வருவதற்குள் மேல் பெர்த்துக்காரர், இல்லாத என் கணவருக்கு இடம்விட்டுப் போகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வேறு வழியில்லாமல், "வேண்டாங்க, அவரு பயங்கரமா குறட்டை விடுவாரு" என்றேன்.

"அப்ப அங்கனயே கெடக்கட்டும்" என்றார் ஆச்சி. விவகாரம் முடிந்தது.

பிறகு இட்லி வந்தது. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாழையிலையில் பொதிந்த இட்லி. அம்மாவின் சட்டம் நினைவுக்கு வரத்தான் செய்தது. மணம் அதைவிட வேகமாக வந்துவிட்டது. நான் நாலு இட்லி தின்றபின், மரியாதைக்கு என் பிஸ்கட்டை நீட்டினேன். ஆச்சி கையை இழுத்துக்கொண்டார்.

"தப்பா நெனைக்காத. ரயில்ல யாரு பிஸ்கட்டு குடுத்தாலும் வாங்கக்கூடாதுன்னு எம் மவன் சொல்லியிருக்கான்."

விழுப்புரத்தில் ரயில்வே பாதுகாப்புப் படைப் பெண் காவலர்கள் ஏறினார்கள். தனியாக வரும் பெண்களை ரயிலிலேயே பார்த்து விசாரிக்கும் 'மேரி சஹேலி' ஏற்பாடு 2020-இலிருந்து நடக்கிறது. நல்ல ஏற்பாடு, அதில் கிண்டலுக்கு இடமில்லை. "தனியா வர்றீங்களாம்மா?" என்று என்னைத்தான் கேட்டார்கள். பதில் சொன்னது ஆச்சி.

"தனியா ஏன் வாரா? நான் இல்லியா?"

அடுத்த கோச்சுக் கணவரைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. முதலிலிருந்தே அவர் நம்பவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. காவலர் என் சீட் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஏதாவது என்றால் 139-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையான கலவரம் விடியற்காலையில், மதுரைப் பக்கம். கிளம்பும்போது வாட்ஸப்பில் லைவ் லொகேஷன் போட்டுவிட்டிருந்தேன். அம்மா ராத்திரி முழுக்கத் தூங்காமல் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சிக்னலுக்காக வண்டி நின்றபோதெல்லாம் "ஏன் நகரல?" என்று மெசேஜ். திடீரென்று புள்ளியே மறைந்துவிட்டது. அப்பா 139-ஐ அழுத்தத் தயாராக, அம்மா என்னைக் கூப்பிட, நான் தூங்க, ஆச்சி போனை எடுத்திருக்கிறார்.

"ஒங்க மக நல்லாத் தூங்குதா. நான் பாத்துக்கிடுதேன். நீங்க படுங்க."

நான் விழிப்பதற்குள் அம்மாவும் ஆச்சியும் எந்தத் தெரு, யார் மகள் என்பது முதல் எனக்கு இன்னும் வரன் அமையாதது வரை பேசி முடித்திருந்தார்கள்.

தனியாகக் கிளம்பும் பெண்களே, வாட்ஸப் லைவ் லொகேஷன் அதிகபட்சம் எட்டு மணி நேரம்தான் ஓடும். நெல்லை எக்ஸ்பிரஸில் திருநெல்வேலிக்கு அதைவிடக் கூடுதலாக ஆகும். வண்டி ஏறும் முன் இதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.