நுரை அங்கிள்

அடுக்குமாடிக் குடியிருப்பு என்று ஒன்று இருந்தால், தண்ணீர் மோட்டார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் செயலாளர் ஒருவர் இருப்பார். மொட்டைமாடியில் வடாம் காயவைக்கும் உரிமைக்காகப் பொதுக்குழுவில் வெளிநடப்பு செய்பவர் ஒருவர் இருப்பார். லிஃப்டில் வெற்றிலை எச்சில் துப்பியது யார் என்று சிசிடிவியில் தேடிக்கொண்டிருப்பவர் ஒருவர் இருப்பார். இந்த மூவரையும் எந்த நேரத்திலும் பார்க்கலாம். நான்காமவரைப் பார்க்க மட்டும் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கார் நிறுத்துமிடத்துக்குப் போகவேண்டும்.

அரை டிரவுசர், பனியன், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். முதல் மாடி ஜன்னலிலிருந்து இறங்கிவரும் எக்ஸ்டென்ஷன் ஒயர். கையில் நீண்ட குழல் வைத்த துப்பாக்கி. அதிலிருந்து வரும் வெள்ளை நுரையில் காரும் தூணும் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரும் மறைந்துபோகும். குடியிருப்புப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘நுரை அங்கிள்’. மேடவாக்கமோ மடிப்பாக்கமோ பெருங்களத்தூரோ, ஆள் மாறுவார், பூட்ஸ் மாறாது.

நுரை அங்கிள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர். ஓய்வூதியப் பணத்தில் கார் வாங்கும்போது, “வெள்ளை எடுங்க சார், பராமரிப்பு கம்மி” என்று ஷோரூமில் சொன்னார்கள். கறுப்புதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கினார். அன்று பிடித்தது சனி. வெள்ளைக் காரில் தண்ணீர் காய்ந்த தடம் கண்ணுக்கே தெரியாது. கறுப்புக் காரில் ஒவ்வொரு சொட்டும் தான் வந்துபோனதற்கு ஒரு வெள்ளை வட்டம் போட்டுக் கையெழுத்திட்டுவிட்டுப் போகும்.

காரை அவர் அதிகம் ஓட்டுவதில்லை. ஓட்டினால் அழுக்காகிவிடும். கல்யாணத்துக்கு ஆட்டோவில் போவார். கேட்டால், “இன்னைக்குத்தான் கழுவினேன் சார், எப்படி வெளியில எடுக்கறது?” என்பார். கார் ஓடிய கிலோமீட்டரைவிட அதன்மேல் ஓடிய தண்ணீர் லிட்டர் கணக்கில் அதிகம்.

அவருடைய எதிரி தூசி அல்ல, சேறு அல்ல, புறா எச்சம்கூட அல்ல. கழுவி முடித்து, காபி குடித்துவிட்டு வந்து பார்க்கும்போது பானெட்டில் பூத்திருக்கும் அந்த வெள்ளைப் புள்ளிகள்தான். அந்தப் புள்ளிகளைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் பால் வாங்கப் போனவர் தயிரோடு திரும்பவேண்டியதுதான்.

“தண்ணி கறை விடாது சார். தண்ணி ஆவியாப் போயிடும். அதுல இருக்கற உப்புதான் உட்கார்ந்துக்கும்.”

இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. அறிவியல் அவர் பக்கம். ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம், சோடியம் என்று பலவகை உப்புகள் கரைந்திருக்கின்றன. மொத்தக் கரைதிடம் (டிடிஎஸ்) 1,200 என்றால், ஒரு லிட்டரில் 1.2 கிராம். கழுவி முடித்த காரில் கால் லிட்டர் தண்ணீர் தங்கிக் காய்ந்தால் 0.3 கிராம் உப்பு மிச்சம். ரசத்தில் போட்டால் நாக்குக்கே தெரியாத அந்த அளவு, கறுப்புப் பெயின்டில் மூன்றாவது மாடியிலிருந்து தெரியும்.

இந்தக் கணக்கெல்லாம் அவருக்கு வந்தது, பேனா அளவிலான ஒரு டிடிஎஸ் மீட்டரை வாங்கிய பிறகு. அது சட்டைப்பையில் ஏறிய நாளிலிருந்து வீட்டில் எந்தத் திரவத்துக்கும் நிம்மதி இல்லை. போர் தண்ணீர் 1,240. அடுக்களை ஆர்ஓ தண்ணீர் 60. மீட்டர் ஒருநாள் ரசத்துக்குள்ளும் இறங்கியது. ஆறாயிரத்தைத் தாண்டியது.

“ஏய், இதுல ஆறாயிரம் இருக்கு!”

“அப்ப உப்பு சரியா இருக்குன்னு அர்த்தம்ங்க. சாப்பிடுங்க” என்றார் அவர் மனைவி.

இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 10500 குடிநீருக்கு மொத்தக் கரைதிடம் 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்கிறது. இதைப் பொதுக்குழுவில் எழுந்து நின்று படித்தார். செயலாளர் கேட்டார்: “சார், இது நீங்க குடிக்கற தண்ணியப் பத்தியா, உங்க கார் குடிக்கற தண்ணியப் பத்தியா?”

அதன்பின் அவர் சங்கத்தை நம்பவில்லை. கருவிகளை நம்பினார்.

முதலில் வந்தது பிரஷர் வாஷர். 110 பார் அழுத்தம் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. போட்ட சத்தத்தில் குடியிருப்பே ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுந்து பல் தேய்த்தது. நியாயமாகச் சொன்னால் நல்ல கருவிதான். ஒட்டியிருக்கும் மண்ணைத் துணி படாமலே உதிர்த்துவிடும். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் போலத்தான் செலவு. சாதாரண ஹோஸ் அதைவிட இரண்டு மடங்காவது ஊற்றும். ஆனால் சிக்கனம் கருவியின் கையில் இல்லை, பிடித்திருப்பவர் கையில் இருக்கிறது. ஐந்து நிமிட வேலையை நாற்பது நிமிடம் செய்தால் 240 லிட்டர். அழுத்தம் கூடினால் உப்பு குறையும் என்று எந்தப் பெட்டியிலும் போட்டிருக்கவில்லை. வெள்ளைப் புள்ளி அப்படியே இருந்தது.

அடுத்து, வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, குழாய்மேல் கவ்விக்கொள்ளும் காந்தம் வாங்கினார். உப்பைக் ‘கட்டுப்படுத்தும்’ என்றார்கள். அது சாவிக்கொத்தையும் ஸ்குரூ டிரைவரையும் நன்றாகக் கட்டுப்படுத்தியது. மீட்டரில் 1,240 கொஞ்சமும் அசையவில்லை.

மூன்றாவது, தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர். கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடும். பழைய வாடகைதாரரைக் காலி செய்து புதியவரைக் குடிவைத்த கதை, வீடு காலியாகவில்லை. மீட்டர் ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டியது, புள்ளியும் விழுந்தது. ஒரே நன்மை, சுண்ணாம்புப் புள்ளி பெயின்டைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கும், சோடியப் புள்ளி ஈரத்துணிக்கே இறங்கிவிடும். சோப்பும் நன்றாக நுரைத்தது. நுரை அங்கிளின் நுரை இரண்டாம் மாடி வரை எட்டியது இந்தக் காலகட்டத்தில்தான்.

நான்காவது, கடைசி ஆயுதம். இதை வாங்குவதற்கு முன் அவர் வரலாறு படித்தார். “உங்களுக்குத் தெரியுமா சார், 2000களின் ஆரம்பத்துலயே அமெரிக்காவுல பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி மிஸ்டர் க்ளீன் ஆட்டோட்ரைன்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. ஹோஸ்ல மாட்ட வேண்டியது. கடைசி அலசலுக்கு மட்டும் தண்ணி ஃபில்டர் வழியா வரும். துடைக்கவே வேண்டாம், தானாக் காயும்!” அந்தச் சரக்கு இப்போது கடையில் இல்லை. அதன் தத்துவம் இருக்கிறது. ரெசின் மணிகள் அடைத்த உருளை. உப்பின் இரு பாதிகளையும், நேர்மின் அயனியையும் எதிர்மின் அயனியையும், பிடித்துக்கொண்டு சுத்தத் தண்ணீரை வெளியே விடும்.

வேலை செய்ததா? செய்தது. குடியிருப்பே பார்த்தது. மீட்டரில் பூஜ்யம். கூரை அலசினார், பூஜ்யம். பானெட் அலசினார், பூஜ்யம். காய்ந்த பிறகு ஒரு புள்ளி இல்லை. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து அவரே வணக்கம் வைத்தார். பின்கதவுக்கு வந்தபோது மீட்டர் 90 என்றது. டிக்கிக்கு வருவதற்குள் 600.

கோளாறு உருளையில் இல்லை, கணக்கில். ஒரு லிட்டர் ரெசின் ஏறத்தாழ முப்பது கிராம் உப்பைப் பிடித்துவைக்கும். அதற்குமேல் அதற்கு இடமில்லை. கரைதிடம் 200 உள்ள ஊரில் அது 150 லிட்டர் தண்ணீருக்கு வரும், ஐந்தாறு முறை அலசலாம். 1,240 உள்ள நம் ஊரில் 25 லிட்டரோடு சரி. ஒரு காருக்கே போதாது. புது ரெசினின் விலையை அவர் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கூரியர் வந்த டப்பாவின்மேல் ஒட்டியிருந்ததை அவர் மனைவி படித்துவிட்டார். அந்த வாரம் ஞாயிறு காலையில் குடியிருப்பு நிம்மதியாகத் தூங்கியது.

இத்தனைக்கும் நடுவில், முப்பது காரை மாதச் சம்பளத்துக்குத் துடைக்கும் தம்பி ஒருவர் தினமும் அதிகாலையில் வந்துபோகிறார். ஒரு வாளி, ஒரு துணி. அதே போர் தண்ணீர். எந்தக் காரிலும் வெள்ளைப் புள்ளி கிடையாது.

“எப்படிப்பா?”

“காயறதுக்குள்ள துடைச்சிடுவேன் சார்.”

உப்பு தண்ணீரோடு துணியில் ஏறிவிடுகிறது. காரில் தங்குவதற்கு எதுவுமில்லை. நுரை அங்கிள் தயங்காமல் எதிர்வாதம் வைத்தார். தம்பியின் துணியை வாங்கி விரித்துக் காட்டினார். முப்பது காரின் மண்ணும் அதில் இருந்தது. அதை வைத்துத் தேய்த்தால் பெயின்டில் மெல்லிய கீறல்கள் விழும். வெயிலில் சிலந்திவலையாகத் தெரியும். இதிலும் அவர் சொன்னது சரி. மறுநாளே தம்பிக்கு இரண்டு மைக்ரோஃபைபர் துணிகள் வாங்கிக் கொடுத்தார், ஒன்று கழுவ, ஒன்று துடைக்க. குடியிருப்பில் அவர் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று செயலாளரே ஒப்புக்கொண்டார்.

செயலாளருக்கு அவர்மேல் இன்னொரு மரியாதையும் உண்டு. அங்கிள் மெனக்கெட்டுக் கழுவிய நாள் சாயங்காலம் மழை பெய்யும் என்பது குடியிருப்பின் நம்பிக்கை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு சென்னையே லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது, “சார், ஒரே ஒரு தடவை கழுவுங்களேன்” என்று கேட்டவர் அவர்தான்.

கடைசித் திருப்பம் படுக்கையறையிலிருந்து வந்தது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை அவர் மனைவி பால்கனியில் வாளி வைத்துப் பிடித்து, வீடு துடைக்கப் பயன்படுத்துவது வழக்கம். ஒருநாள் அங்கிள் பழக்கதோஷத்தில் மீட்டரை அந்த வாளிக்குள் விட்டார். 18.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுருளில் படிந்து சொட்டும் நீர் அது. மழைநீருக்கு அடுத்த சுத்தம். சென்னைப் புழுக்கத்தில் ஓர் இரவில் ஒரு வாளி சேரும். ஒரு துணியில் வடிகட்டி, கடைசி அலசலுக்கு ஊற்றினால் போதும். ரெசின் செய்த வேலையை இலவசமாகச் செய்யும்.

அன்று அவர் முகம் வாடிவிட்டது. வாங்குவதற்கு ஒன்றுமே இல்லாத தீர்வு அவருக்குத் தீர்வாகப் படவில்லை. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் கூரியர் வந்தது: வாளியில் போடும் 12 வோல்ட் பம்பு, அதற்கு ஒரு பேட்டரி, பேட்டரிக்கு ஒரு சார்ஜர், இவற்றை வைக்கச் சக்கரம் வைத்த ஒரு ஸ்டாண்டு. ஞாயிறு காலை பூட்ஸ் சத்தம் மறுபடி கேட்டது. அவருக்குச் சுத்தமான கார் வேண்டியதில்லை; கழுவுவதற்கு ஒரு கார் வேண்டும்.

வாசகர்களில் கறுப்புக் கார் வாங்கியவர்கள் இருப்பீர்கள். கருவி வாங்கும் முன் வீட்டுத் தண்ணீரை அளந்து பாருங்கள். 200, 300 என்றால் ரெசின் உருளை கட்டுப்படியாகலாம். ஆயிரத்தைத் தாண்டினால், பணத்தைக் குழாயில் ஊற்றுகிறீர்கள். வெயில் ஏறும் முன், நிழலில் நிறுத்திக் கழுவுங்கள். சூடான தகட்டில் தண்ணீர் உங்கள் கையைவிட வேகமாகக் காயும். ஏற்கெனவே விழுந்த சுண்ணாம்புப் புள்ளிக்கு, தண்ணீர் கலந்த வினிகரைத் தொட்டுத் துடைத்து உடனே அலசிவிடுங்கள். புள்ளி விழாமல் கழுவும் கருவி உண்டா என்று கேட்டால், உண்டு. உப்பை எடுக்கிற கருவி வேலை செய்யும், உப்பு தீரும்வரை அல்ல, உங்கள் பணம் தீரும்வரை. மற்ற எல்லாவற்றுக்கும் பிறகு, கடைசியில் துணி எடுத்துத் துடைக்கத்தான் வேண்டும்.