முக்திநாத் பாதையில ஒரு இங்கிலீஷ் வாத்தியார்

ஏலே பேராண்டி, இங்கன வந்து திண்ணையில உக்காரு. நேபாளத்துக்குச் சேவையா இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கப் போறியாம்லா? உங்க அம்மை தெரு முழுக்கச் சொல்லிட்டா. கேட்டதும் எனக்கு ஒரே சந்தோசம். பிளஸ் டூவுல இங்கிலீஷ்ல நீ வாங்குன மார்க்கை அந்த ஊர்க்காரன் பாக்கப் போறதில்லையேன்னுதான்.

அதுவும் முஸ்தாங் ஜில்லாவாம். சரியான இடத்தைத்தான் பிடிச்சிருக்கே. 108 திவ்யதேசத்துல ஒண்ணு முக்திநாத். நானும் உங்க ஆச்சியும் போனோம்லா, அதே பாதை. பொக்காராவுல இருந்து ஜோம்சோமுக்குக் குட்டி பிளேன். காலையில மட்டுந்தான் பறக்கும். உச்சிப்பொழுது நெருங்குனா காளி கண்டகி பள்ளத்தாக்குல காத்து கிளம்பிரும், பொறவு பிளேன் கிடையாது. எங்களுக்கும் கிடைக்காம வழியில ஒரு ஊர்ல மாட்டிக்கிட்டோம். பெருமாள் சோதிக்காருன்னு உங்க ஆச்சி அழுதா. எனக்கு நல்ல பொழுதுபோக்கு. தங்குன வீட்டுக்கு எதுத்தாப்ல பள்ளிக்கூடம். அந்தத் தகுதியிலதான் உனக்குப் புத்தி சொல்லுதேன்.

ஏர்போர்ட்ல ஆதாரை ஆட்டிக்கிட்டு நிக்காதே. பாஸ்போர்ட்டு வேணும், இல்ல ஓட்டுப் போடுத கார்டு வேணும். ஆதார் செல்லுறது 15 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்களுக்கும் 65 தாண்டுன என்னைப்போல வாலிபர்களுக்கும்தான். நமக்கு விசா வேண்டாம், 1950லயே ஒப்பந்தம் போட்டாச்சு. நம்ம 100 ரூவா அங்க 160 ரூவா. அதுக்காகப் பணக்காரன் ஆயிட்டேன்னு நெனைச்சுராதே, மலை ஏற ஏற டீ விலையும் கூடவே ஏறும். கடிகாரம் நம்மளைவிட 15 நிமிசம் முன்னால ஓடும். பிந்திப் போனா இந்தியா டைமை மாத்த மறந்துட்டேன்னு ஒரு நாள் தப்பிச்சுக்கலாம். போர்டுல வருசம் 2080க்கு மேல எழுதியிருப்பாவ. தப்புன்னு நெனைச்சுச் சாக்பீஸைத் தூக்கிட்டுத் திருத்தப் போயிராதே. அவுக விக்ரம் சம்வத் கணக்கு நம்மளைவிட ஏறக்குறைய 57 வருசம் முந்தி.

ஒரு மாசந்தான் லீவுன்னு அக்டோபர்ல போய் இறங்காதே. மலை தெளிவாத் தெரியுத மாசம்னு சேவைக்கு வாரவன் பூரா அப்பத்தான் வாரான். அப்பத்தான் தசைன் வரும், பின்னாலயே தீகார் வரும். பள்ளிக்கூடத்துப் பூட்டுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்துட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

போன மொத நாள் 'எ ஃபார் ஆப்பிள்'னு ஆரம்பிப்பே. யாரு வேண்டாம்னா? மார்பா பக்கம் மட்டும் போய்ச் செய்யாதே. அங்க ஊரைச் சுத்தி ஆப்பிள் தோட்டம். வட்டம் வட்டமா அறுத்துக் காயப் போடுதான், மிச்சத்துல பிராந்தி காய்ச்சுதான். நீ ஆப்பிளைப் பக்கத்துல பாத்தது, ஆசுபத்திரியில கிடக்குத ஆளைப் பாக்கப் போனப்போதான். ரெண்டாங்கிளாஸ் பொடியன் எந்திரிச்சு, எந்த ரக ஆப்பிள் சார்னு கேட்டா முழிப்பே.

நான் கண்ணால பாத்த ஒண்ணைச் சொல்லுதேன். வெளிநாட்டுப் பையன் ஒருத்தன், நல்ல பையன், முகத்துல பால் வடியும். கிட்டாரோட எட்டாங்கிளாசுக்குள்ள போனான். தலையைத் தொட்டு, தோளைத் தொட்டு, குனிஞ்சு முட்டியைத் தொட்டுப் பாடுவாவள்லா ஒரு பாட்டு, அதை ஆரம்பிச்சான். மீசை அரும்புன பயலுவ எல்லாம் மரியாதைக்குக் குனிஞ்சு குனிஞ்சு எந்திரிச்சானுவ. இவனுக்கு முந்தி வந்தவன்கிட்டயும் அதே பாட்டுதானாம், அதுக்கு முந்தி வந்தவன்கிட்டயும் அதேதானாம். இவன் நடுவுல தடுமாறுனப்போ அவனுவளே எடுத்துக் குடுத்தானுவ. இங்கிலீஷ் சார் ஒரு கையில பாடப் புஸ்தகம், ஒரு கையில சாக்பீஸோட வெளிய சுவரோரமா நின்னாரு. பெல் அடிச்சுது. பையன் கைதட்டு வாங்கிட்டு வந்தான். சார் உள்ள போய், போர்டுல பையன் வரைஞ்சிருந்த பொம்மையை அழிச்சுட்டு, பாதியில கிடந்த பாராவை வேகவேகமா எழுத ஆரம்பிச்சாரு.

சாயங்காலம் டீக்கடையில அவரைப் பிடிச்சேன். அவருக்குத் தெரிஞ்ச இந்தியையும் எனக்குத் தெரிஞ்ச இந்தியையும் சேத்தா ஒரு ஆள் பேசலாம். "பையன் அடுத்த வாரம் போயிருவான், பரிட்சை போகாதே"ன்னாரு.

அந்தப் பரிட்சை பத்தாங்கிளாஸ்ல வருது. முந்தி எஸ்.எல்.சி.ன்னு பேரு, இரும்புக் கதவுன்னு நாடே நடுங்கும். இப்ப எஸ்.இ.இ.ன்னு மாத்திட்டாவ, நடுக்கத்தை மாத்தலே. அதுல இங்கிலீஷ் கட்டாயம். புள்ளை வீட்டுல ஒரு பேச்சு, பள்ளிக்கூடத்துல நேபாளி, மூணாவதாத்தான் இங்கிலீஷ். சார் ஒவ்வொரு வரியையும் நேபாளியில விளக்குதாரேன்னு நீ உதட்டைப் பிதுக்குவே. உனக்கு நம்ம ஊர் சார் எந்தப் பாசையிலலே நடத்துனாரு? உச்சரிப்பைத் திருத்தப் போறேன்னும் கிளம்பாதே. 'இஸ்கூல்'னு அவனும் சொல்லுவான், நீயும் சொல்லுவே. ஒத்துமையாப் போயிரும்.

நீ பெரிய மனுசனாத் தெரியணும்னா கிட்டாரை எடுத்துக்கோ. உருப்படியா எதாவது நடக்கணும்னா மொத வாரம் கடைசி பெஞ்சுல போய் உக்காரு, அது உனக்குப் பழக்கப்பட்ட இடந்தானே. சார் நடத்துறதைப் பாரு. கட்டுரை நோட்டை நான் திருத்தித் தரவான்னு கேளு. பாடத்தைச் சத்தமா வாசிச்சுக் காட்டவான்னு கேளு. சாயங்காலம் அவரோட இங்கிலீஷ்லயே ஊர்க்கதை பேசு. புள்ளைங்களுக்கு நீ நேராச் சொன்னதுல பாதி உன்கூடவே பஸ் ஏறிரும். சார்கிட்ட விட்டுட்டு வந்தா, அவரு ரிட்டயர் ஆகுத மட்டும் அங்கனதான் கிடக்கும்.

அந்த நாட்டுல இங்கிலீஷ் எப்படி வந்துச்சு தெரியுமாலே? அங்க பிரதமரா இருந்த ஜங் பகதூர் ராணா 1850ல சீமைக்குப் போனாரு. திரும்பி வந்து ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வச்சாரு, தன் வீட்டுப் புள்ளைங்களுக்கு. குடியானவன் புள்ளை வாசல்ல நிக்க முடியாது. ராணா குடும்பத்து ஆட்சி போகவே 1951 ஆயிட்டு. இப்போ எல்லாருக்கும் உண்டு. ஆனா படிச்ச இளவட்டம் எங்க இருக்கு? கத்தார்ல, மலேசியாவுல, சவூதியில. பத்தாங்கிளாஸ் பையன் நாளைக்கு ஏஜெண்டு நீட்டுத காகிதத்துல கையெழுத்துப் போடணும். அதுல சம்பளம் எவ்வளவு, எத்தனை மணிநேரம் வேலைன்னு அவனே வாசிச்சுப் புரிஞ்சுக்கிட்டா போதும். அதைச் சொல்லிக் குடு. தலை, தோள், முட்டி எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியும்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. காலையில ஒன்பது, பத்து மணிக்கே பருப்பும் சோறும், பொறவு ராத்திரி மறுபடியும் பருப்பும் சோறும். இட்லி எங்கன்னு கேட்டு மானத்தை வாங்காதே. பக்வீட் மாவுல திண்டோன்னு ஒரு களி கிண்டுவாவ, நெய் விட்டுத் தின்னா அமிர்தம். எச்சில் பாப்பாவ, நம்மளைவிடக் கூடுதலாவே பாப்பாவ. உன் தட்டுல இருந்து எடுத்து யாருக்கும் நீட்டாதே, இடக்கையைப் பின்னால வச்சுக்கோ. அடுப்பங்கரைக்குள்ள கூப்பிடாமப் போகாதே.

அது சரி, உன்னை அனுப்புத ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டுனே? ஏ யப்பா! கூலி வாங்காம வேலை செய்யுதவனைப் பாத்திருக்கேன். கூலி குடுத்து வேலை செய்யுதவனை இப்பத்தான் பாக்கேன். அதுல பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு போகுதுன்னு கேட்டியா? கேக்க மாட்டே, சேவைலா. அவன் உன்னை அநாதை இல்லத்துக்கு மாத்துதேன்னு சொன்னா மட்டும் வெவரமா இரு. அங்க அநாதை இல்லங்கள்ல முக்காவாசி காத்மாண்டு, பொக்காரான்னு டூரிஸ்ட் வார ஊர்லயேதான் இருக்கு. அநாதையாகுத புள்ளைங்களுக்கு டூரிஸ்ட் எங்க இறங்குவான்னு எப்படித் தெரிஞ்சுதோ! அதுல நிறையப் புள்ளைங்களுக்கு மலையில தாய் தகப்பன் உயிரோட இருக்காவ. படிக்க வைக்கேன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்து, உன்னை மாதிரி ஆளுவளுக்குக் காட்டி வசூல் பண்ணுதானுவ.

கிளம்புத அன்னைக்குக் கழுத்துல துண்டு போடுவாவ, புள்ளைங்க அழும், நீயும் அழுவே. அழுதுக்கோ. அடுத்த வருசம் வாரேன்னு மட்டும் வாயை விட்டுராதே. அந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க அப்படிச் சொல்லிட்டுப் போனவன் பேரையெல்லாம் வரிசையா ஒப்பிக்கும். எந்தப் பாடம் வரைக்கும் முடிஞ்சுது, எந்தப் புள்ளை எதுல திணறுதுன்னு ஒரு நோட்டுல எழுதி சார் கையில குடுத்துட்டு வா.

சரி, உங்க அம்மை கூப்பிடுதா, போ. போகும்போது அந்த ஏஜெண்டு நம்பரை எழுதி வச்சுட்டுப் போ. நம்ம தோட்டத்துல களையெடுக்க ஆள் கெடைக்காமக் கிடக்கு. துட்டும் குடுத்துட்டு வேலையும் செஞ்சுட்டுப் போற ஆளுவ அவன்கிட்ட நிறைய இருப்பாம்லா.