‘கட்’: கரிசல் வட்டாரத்தில் ஒரு சொல்லின் போக்கும் வரவும்

கோவில்பட்டிச் சீமைக்குச் சொல்லாராய்ச்சி புதிதல்ல. பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், சம்சாரிகளின் வாயிலிருந்து சொற்களைப் பொறுக்கியெடுத்து வட்டார வழக்குச் சொல்லகராதியே தொகுத்தார். அவர் தேடியது கரிசலில் முளைத்த சொற்களை. இந்த ஆய்வு எடுத்துக்கொண்டிருப்பதோ, ஆங்கிலேயரோடு கப்பலேறி வந்து, ரேஷன் கார்டு இல்லாமலே இங்கு குடியேறிவிட்ட ஒற்றைச் சொல்லை. அது ‘கட்’. ஆய்வுக் களங்கள்: பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, சலூன், தீப்பெட்டி ஆபீஸ் வாசல்.

முதலில் இலக்கணச் சிக்கல். வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது என்பது தொல்காப்பியர் காலத்து ஏற்பாடு. அதற்குக் கட்டுப்பட்டு ‘நோட்’ நோட்டானது, ‘பிஸ்கட்’ பிஸ்கட்டானது. அந்தக் கணக்கில் ‘கட்’டும் ‘கட்டு’ ஆகியிருக்க வேண்டும். அங்கேதான் வம்பு. தமிழில் ‘கட்டு’ என்றால் முடிச்சுப் போடு, பிணை, தாலி ஏற்று. வாலில் ஓர் உகரம் ஒட்டினால் போதும், அறுந்தது சேர்ந்துவிடும். அதனால்தான் ஊர் நாக்கு இந்தச் சொல்லுக்கு மட்டும் வால் முளைக்க விடாமல் மொட்டையாகவே வைத்திருக்கிறது என்பது ஆய்வாளரின் துணிபு.

அப்படியும் வேகமாகப் பேசும்போது, “கரண்டு கட்டாயிருச்சு அண்ணாச்சி” என்பது ‘கட்டாயம்’ போலக் காதில் விழுகிறது. 2012-ல், சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்ற காலத்தில், அது நிஜமாகவே கட்டாயமாகத்தான் இருந்தது.

அடுத்தது துணைவினை. ‘கட்’ தனியாக நடமாடாது. மூன்று துணைகளில் ஒன்றோடுதான் வெளியே கிளம்பும். ‘கட் ஆகு’ தானாக நேர்வது, பழி யார்மேலும் இல்லை. ‘கட் பண்ணு’ வேண்டுமென்றே செய்வது, பழி உண்டு. ‘கட் அடி’ தெரிந்தே செய்யும் சேட்டை. ‘அடி’ வந்து ஒட்டினாலே விஷயம் வில்லங்கம் என்பதற்குத் தண்ணி அடி, காப்பி அடி, சைட் அடி என்று சான்றுகள் வரிசையில் நிற்கின்றன. ஆகவேதான், “போன் கட்டாயிருச்சு மாப்ள” என்கிறவனிடம், “ஆகலடே, நீதான் கட் பண்ணுன” என்று சண்டைக்குப் போக முடிகிறது. இந்தத் தகராறு முழுக்க முழுக்க இலக்கணத் தகராறு.

இனி ஆய்வின் மையக் கருதுகோள்: போனது திரும்பி வரும் என்றால் மட்டுமே கரிசல்காட்டான் ‘கட்’ என்கிறான். ஒரேயடியாகப் பிரிகிற இடத்தில் தமிழ் வினையைத்தான் எடுக்கிறான்.

தரவுகளைப் பார்ப்போம். கரண்டு கட், வரும். போன் கட், மறுபடி அடிக்கும். வகுப்பைக் கட் அடித்தவன் மறுநாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். சலூனில் ‘கட்டிங்’, முடி வளரும். ஆனால் கம்மங்கதிரை அறுக்கிறார்கள், பருத்தியை எடுக்கிறார்கள், உளுந்தஞ்செடியைப் பிடுங்குகிறார்கள், வேலிக்கருவையை வெட்டுகிறார்கள். ஒருவரும் கதிரைக் ‘கட்’ பண்ணியதில்லை. கரண்டு விஷயத்திலேயே இந்த நுட்பம் உண்டு. பொதுவாக நின்றால் ‘கட்’. பில் கட்டாத வீட்டில் ஆள் வந்து நிறுத்தினால், “பீஸைப் பிடுங்கிட்டுப் போயிட்டான்”. அங்கே ‘கட்’ ஒதுங்கிக்கொள்கிறது.

2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாயும் சாட்சி சொல்கிறது. வெல்லப்பாகில் புரண்ட கடலையைப் பலகையில் கொட்டி, உருட்டுக்கட்டையால் ஓட்டிச் சமன் செய்கிறார்கள். கை பொறுக்கிற சூட்டிலேயே கோடு இழுத்தாக வேண்டும். ஆறவிட்டால் கத்தி ஒரு பக்கம் போகும், கடலை ஒரு பக்கம் உடையும். அந்த வேலைக்குப் பெயர் துண்டு போடுதல். வாய்க்குள் போன துண்டு திரும்புவதில்லை என்பதையும் ஆய்வாளர் நேரில், பலமுறை, சொந்தச் செலவில் உறுதிசெய்துகொண்டார்.

‘கட்டிங்’குக்கு இன்னொரு முகம் உண்டு. 180 மில்லி குவார்ட்டரில் பாதி, 90 மில்லி, ஒரு கட்டிங். சலூனிலும் ஒயின்ஷாப்பிலும் ஒரே சொல். இரண்டுக்கும் போய்வந்தால் தலை லேசாகிறது. 2010-ல் வந்த திரைப்படமொன்று, தமிழ்த் தலைப்புக்கான வரிவிலக்கை வேண்டி, ‘குவார்ட்டர் கட்டிங்’கைத் துணைப் பெயராக்கிவிட்டு ‘வ’ என்று மட்டும் பெயர் சூட்டிக்கொண்டது. ‘வ’ தமிழ்க் கணக்கில் காலைக் குறிக்கும் எழுத்து. குவார்ட்டர் தமிழ் கற்றுக்கொண்டது, கட்டிங் கற்கவில்லை.

கருதுகோளைச் சங்கடப்படுத்தும் தரவுகளையும் மறைப்பதற்கில்லை. லீவு போட்ட நாளுக்கான சம்பளக் கட் திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குப் போடப்படும் என்ஜினியரிங் ‘கட் ஆஃப்’பில் அரை மார்க்கில் கைவிட்டுப் போன காலேஜும் அப்படியே. ஆபீஸ் காகிதத்தில் வந்த இந்த இரண்டும் ஊர் வழக்கல்ல என்று ஆய்வாளர் தப்பித்துக்கொள்கிறார்.

தப்பிக்க முடியாதது இரண்டு. ஒன்று, ‘அறுத்துக் கட்டுதல்’. ஒத்துவராத உறவைப் பஞ்சாயத்தில் அத்துவிட்டு, மறுதாலி ஏற்றுக்கொள்வதற்கான பழைய வழக்கு. அறுப்பும் முடிச்சும் ஒரே சொல்லுக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. இங்கிலீஷ்காரன் கப்பலேறும் முன்பே தெற்கத்திக் கிராமங்கள் இந்த வேலையை முடித்துவிட்டன.

மற்றொன்று, மண். ஈரம் குடித்தால் உப்பி, காய்ந்தால் சுருங்குகிற களிதான் கரிசல். சித்திரை வெயிலில் அது பாளம் பாளமாகப் பிளக்கும். சில வெடிப்பில் கால் இறங்கும். ஐப்பசி அடைமழையில் அத்தனையும் மூடிக்கொள்ளும், அடுத்த சித்திரையில் மறுபடி திறக்கும். போவதும் வருவதுமாகக் கருதுகோளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆனாலும் எந்தச் சம்சாரியும், “காடு கட்டாயிருச்சு” என்று சொல்லி ஆய்வாளர் கேட்டதில்லை. டீக்கடை பெஞ்சில் கேட்டபோது கிடைத்த பதில் இதுதான்: “நெலம் வெடிச்சிருக்குன்னு சொல்லுங்க தம்பி. கட்டாகிறதுக்கு அதென்ன கரண்டா?”