பாதியில் திரும்புகிறவர்களுக்காக ஒரு வக்காலத்து

நாற்பது வயதுக்கு மேல் புதிதாகச் சைக்கிள் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில் வந்து சேர்ந்தவர்கள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருப்பார். நடப்பதற்கு ஒரு ஜோடி ஷூவுக்கு மேல் செலவழிக்க வழியில்லை என்பதால் மனம் சைக்கிள் பக்கம் சாய்ந்திருக்கும். கியர் வைத்த வண்டி, ஹெல்மெட், விரல் தெரியும் கையுறை, கண்ணைக் கூசவைக்கும் பச்சைச் சட்டை என்று சகலமும் வந்து இறங்கிய பிறகு காலையில் காலனியை ஐந்து சுற்று சுற்றுவார்கள். அதுவரை குறையில்லை. "ஞாயித்துக்கிழமை மகாபலிபுரம் வரைக்கும் போயிட்டு வரலாமா சார்?" என்று யாராவது கேட்டுவிட்டால்தான் சிக்கல். அக்னி நட்சத்திரத்தில்கூட வானத்தை அண்ணாந்து பார்த்து, "மழை வரும்போல இருக்கே" என்பார்கள். இன்னும் வற்புறுத்தினால், கால் தாங்காது என்ற காரணம் வெளியே வரும். கால் தாங்கும் என்பது என் கட்சி. உள்ளே உட்கார்ந்து பயமுறுத்துவது வேறு: கோவளம் தாண்டி வண்டியோ உடம்போ மக்கர் செய்தால் எப்படி வீடு வந்து சேர்வது? ஆகவே நீண்ட சவாரிக்குத் தைரியம் வேண்டுமென்றால் மன உறுதியைத் தேடி அலைய வேண்டாம். எங்கே, எப்படித் தோற்றுத் திரும்பலாம் என்பதை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டால் போதும்.

காலைப் பற்றிய கவலை அநாவசியம் என்பதற்குச் சாட்சிகள் நம் தெருக்களிலேயே இருந்தார்கள். இருபது கிலோவுக்குக் குறையாத கறுப்புச் சைக்கிளில் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டு ஊர் ஊராக மிதித்த பால்காரருக்கும், வெயில் ஏறுவதற்குள் கூடையோடு கிராமங்களைச் சுற்றி முடித்த மீன்காரருக்கும் கியரும் கிடையாது, பச்சைச் சட்டையும் கிடையாது. "அவங்களுக்குப் பழக்கம்" என்பீர்கள். பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கத்தில் பாதி, வேகம் எடுக்காமல் இருக்கத் தெரிந்தது. சைக்கிளின் வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழித்துப் போகத் தேவையான சக்தி எட்டு மடங்காகிறது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் காற்று கேட்கும் கப்பம் அற்பம், 30 கி.மீ. வேகத்தில் சொத்தையே எழுதிக்கொடுக்க வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர் பத்தாவது கிலோமீட்டரில் நாக்குத் தள்ளி உட்காருகிறார் என்றால், அநேகமாக முன்னால் போன கல்லூரிப் பையனை முந்தப் பார்த்திருப்பார். பக்கத்தில் வருகிறவர் கேட்கும் கேள்விக்கு முழு வாக்கியத்தில் பதில் சொல்ல முடிகிறதா, அதுதான் சரியான வேகம். தனியாகப் போகிறவர்கள் பாடிப் பார்க்கலாம். எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள் என்பது உபரி லாபம்.

தூரத்தை நிர்ணயிப்பது திரும்பி வரும் கணக்குதான் என்பது ஒரு தலைமுறைக்கே தெரிந்த விஷயம். மணிக்கணக்கு வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய பையன்கள் அரை மணி போவார்கள், அரை மணியில் திரும்புவார்கள். தாண்டினால் கடைக்காரர் அடுத்த மணியையும் சேர்த்து எழுதிவிடுவார். இதே கணக்கைப் பெரிய அளவில் போட்டுக் காட்டியது புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவர்கள் காத்திருக்கவில்லை. ஆண்கள் வண்டியை எடுத்துக்கொண்டார்கள். அதன் முன் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாமே என்று சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். விளைபொருளை விற்கப் போகும் பெண்ணுக்கு அதற்கு முன் எது எல்லை போட்டது? பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரமும், தண்ணீர் எடுக்கவும் பிள்ளையைப் பார்க்கவும் ஓடிவர வேண்டிய அவசரமும். வீடு திரும்பும் நேரம் பஸ்காரர் கையிலிருந்து தன் கைக்கு வந்ததும் போகும் ஊர்களின் எண்ணிக்கை தானாகக் கூடியது. இடையில் அவர்களுக்குத் தொடைத்தசை கூடியதாக யாரும் எழுதவில்லை.

இங்கே தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் குறுக்கிடுவார்கள். தப்பிக்க வழி வைத்துக்கொண்டால் மனம் தளர்ந்துவிடும், கப்பலை எரித்துவிட்டுக் கரையேறிய தளபதிதான் ஜெயித்தான் என்பார்கள். அந்தத் தளபதிக்குத் திங்கட்கிழமை காலை ஆபீஸ் இல்லை. அது போகட்டும், நெடுந்தூரம் மிதிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் கூட்டத்தின் விதிமுறைகளைப் பார்க்கலாம். பிரான்சில் தொடங்கிச் சென்னை, கோவை வரை பரவியிருக்கும் பிரெவே சவாரிகளில் 200 கி.மீ. தூரத்துக்குக் கொடுக்கும் நேரம் 13½ மணி. சாப்பாடு, பஞ்சர், மர நிழலில் மல்லாந்து படுப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். சராசரி போட்டுப் பார்த்தால் மணிக்கு 15 கி.மீ.கூட வரவில்லை. யாருக்கும் முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. அதைவிட அழகு, மிக வேகமாக வந்தவர் சோதனைச் சாவடி திறக்கிறவரை வாசலில் காத்திருக்க வேண்டும் என்ற விதி. அவசரக்காரனைத் தண்டிக்கும் ஒரே விளையாட்டு இதுவாகத்தான் இருக்கும். 1891-இல் தொடங்கி, இப்போது நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் 1,200 கி.மீ. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சவாரியில் ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கணக்கானோர் பாதியில் நிறுத்திவிட்டு ரயில் ஏறுகிறார்கள். அதற்குத் தகுதி பெறுவதே அந்த வருடம் நானூறு, அறுநூறு கிலோமீட்டர் மிதித்துக் காட்டியவர்கள்தான். நிறுத்துவது எப்படி என்று தெரிந்தவர்கள்தான் அவ்வளவு தூரம் போகத் துணிகிறார்கள் என்பது என் துணிபு.

நல்ல வண்டி இருந்தால் தைரியம் தானாக வரும் என்பது இன்னொரு கட்சி. விலை கூடக்கூட வண்டி லேசாகும் என்பது உண்மை, தைரியமும் சில சமயம் கூடவே லேசாகிவிடும். காரணம் வால்வு. வால் டியூப் போட்ட பழைய சைக்கிளுக்கு எந்தக் குக்கிராமத்திலும் வைத்தியம் உண்டு. லட்சத்தைத் தொடும் வண்டியில் இருப்பதோ பிரெஸ்டா என்ற ஒல்லி வால்வு. பஞ்சர் கடைக்காரர் தன் பம்பை அதன் அருகே கொண்டுபோய், மேலும் கீழும் பார்த்து, "இதுல எங்க சார் காத்து அடிக்கிறது?" என்று கேட்கும்போது வண்டியின் மதிப்பு ஓர் எலுமிச்சம்பழ விலைக்கு இறங்கிவிடும். நகக்கண் அளவு பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. வண்டி வாங்கும்போது அதை யாரும் சொல்வதில்லை. பஞ்சரைத் தானே ஒட்டத் தெரிந்துகொள்வது அதைவிட மேல். டியூபை உருவிக் கொஞ்சம் காற்றடித்து, கன்னத்தருகே வைத்து மெல்லச் சுழற்றினால் ஓட்டை இருக்கும் இடத்தில் காற்று குறுகுறுவென்று படும். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்கிறவரை சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது ஞானிகளுக்கே கஷ்டம் என்பதால் பலர் ஈரத்திலேயே பேட்சை அழுத்தி, பத்து நிமிடத்தில் மறுபடி இறங்குகிறார்கள். எல்லாம் ஒட்டிய பிறகு, டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். குற்றவாளியான சீமைக்கருவேல முள் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். வீட்டு வராந்தாவில் ரேடியோ கேட்டுக்கொண்டே இதை ஓரிரு முறை செய்து பழகியவர் கிளம்பும்போது பஞ்சரை நினைத்து வயிறு கலங்குவதில்லை.

உடம்பு மக்கர் செய்யும் இடங்களும் ஏற்கெனவே தெரிந்தவைதான். புதியவர்கள் இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற உயரத்தில் சீட்டை வைத்துக்கொள்வார்கள், விழாமல் இருக்க. இருபது கிலோமீட்டரில் முழங்கால் புகார் கொடுக்கத் தொடங்கும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும், அதுதான் உயரம். பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி அணியக் கூடாது என்பதைக் கடைக்காரர் கூச்சத்தில் சொல்லமாட்டார். சொல்லாததன் விலை என்ன என்பது தையல் ஓரங்கள் தொடையை அறுக்கும்போது தெரியும். சாப்பாடு விஷயத்தில் கூச்சமே கூடாது. தசையில் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஒன்றரை, இரண்டு மணி நேர மிதியில் தீரும் கட்டத்துக்கு வந்துவிடும். அது தீர்ந்த நிமிடத்தில் உலகம் இருண்டு, சொந்தக்காரர்கள் எல்லாம் நினைவுக்கு வருவார்கள். பசி எடுப்பதற்கு முன்பே ஒரு வாழைப்பழம், இரண்டு கடலைமிட்டாய். மணிக்கு ஒரு டீக்கடையில் இறங்குவதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறவர்கள் இரண்டாவது மணி முடிவில் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்காரர்கள் அதிகம் ஏமாறுவது காற்றிடம். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசும் நாட்களில் திருவான்மியூரிலிருந்து தெற்கே போகும்போது அது முதுகைத் தள்ளிக்கொண்டே வரும். காற்று பின்னாலிருந்து அடித்தால் காற்றே இல்லாத மாதிரி தோன்றும். எல்லாம் தன் காலின் மகிமை என்ற நினைப்பு வந்துவிடும். மகாபலிபுரம்வரை 45 கிலோமீட்டர் போல, சாம்பியனாகவே போய்ச் சேருவார். இளநீர் குடித்து, படம் எடுத்து, வண்டியை வடக்கே திருப்பியதும் சாம்பியன் பட்டம் பறிபோகும். இதற்குச் செலவில்லாத ஒரு பரிசோதனை உண்டு. அரை மணிக்கு ஒருமுறை வண்டியைத் திருப்பி இருநூறு மீட்டர் வந்த வழியே மிதித்துப் பார்ப்பது. மூச்சு வாங்கினால் அன்றைக்கு அதுதான் மகாபலிபுரம். முட்டுக்காட்டிலும் தண்ணீர் இருக்கிறது, படம் எடுக்கலாம்.

கடைசி ஆட்சேபணை கனமானது: லாரியும் பஸ்ஸும் பறக்கிற ரோட்டில் சைக்கிளா? இந்தப் பயம் முழுக்க நியாயமானது. இதைத் தைரியத்தால் வெல்ல முயல்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். பொழுது விடியும் வேளையில் கிளம்பி, பின்னால் சிவப்பு விளக்கு எரியவிட்டு, மற்றவர்கள் இட்லி சாப்பிட உட்காரும் நேரத்துக்குள் திரும்பிவிடலாம். நெடுஞ்சாலையை விட்டு ஏரிக்கரைச் சாலைகளில் ஒதுங்கலாம். சைக்கிளுக்கென்று தனித் தடம் போட்டுத் தருவது ஊரை ஆள்பவர்கள் வேலை. அதை நம் தன்னம்பிக்கைக் குறைபாடு என்று தலையில் கட்டிக்கொள்ளத் தேவையில்லை. அப்படியும் வழியில் எல்லாம் கைவிட்டால், பஸ் கூரையில் சைக்கிளைக் கட்டித் திரும்பிய காலம் ஏறக்குறைய மலையேறிவிட்டதால், இருப்பவை இரண்டே வழி. வீட்டுக்குப் போன் போடலாம், காசு மிச்சம். ஆனால் காரை எடுத்துக்கொண்டு வருவது மைத்துனராக இருந்தால், நீங்கள் கோவளம் டீக்கடை பெஞ்சில் பச்சைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த கோலம் அடுத்த பத்து வருடக் கல்யாணப் பந்திகளில் சாம்பாரோடு பரிமாறப்படும். இரண்டாவது வழியான குட்டி யானை மினி லாரிக்காரர் வாடகையை வாங்கிக்கொண்டு அன்று மாலையே மறந்துவிடுவார். அவருடைய நம்பரைக் கிளம்புவதற்கு முன்பே செல்போனில் ஏற்றி வைத்துக்கொள்ளவும்.