காசு வாங்காத கேப்டன்

எங்கள் மீன்பிடி ஊரான கட்டுமாவடியில் காசு வேண்டாம் என்பவனை யாரும் நம்புவதில்லை. ஏலம் போடும் இடத்தில் ஒருத்தன் ஒரு கூடை நண்டை நீட்டி, "சும்மா எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே" என்றால், முதல் வேலையாகக் கூடையை மோந்து பார்ப்போம். அதனால்தான் ஏலம் முடிந்த ஒரு காலையில் டீக்கடையில் விவியன் உட்வர்டின் கதையை எடுத்துவிட்டபோது, இருந்தவர்கள் அத்தனை பேரும் மூக்கைச் சுளித்தார்கள்.

உட்வர்ட் 1879இல் லண்டனில் பிறந்தவர். பிழைப்புக்குக் கட்டடங்களுக்குப் பிளான் போட்டார்; கால்பந்து ஆசைக்கு. ஆசைதானே என்று லேசாக நினைத்துவிடாதீர்கள். டாட்டன்ஹாம், செல்சி என்று பெரிய கிளப்புகள். இங்கிலாந்துக்காக 23 ஆட்டத்தில் 29 கோல். கூட ஆடியவர்கள் வாரம் 4 பவுண்டு வரை வாங்கலாம் என்று சட்டம் இருந்தது. இவர் வாங்கியது பூஜ்யம். வழிச்செலவுகூடக் கேட்கமாட்டார் என்று பெயர். 1908இல் டாட்டன்ஹாம் கிளப் ஃபுட்பால் லீக்கில் நுழைந்ததும், அங்கே அது போட்ட முதல் கோல் இவர் அடித்தது. அப்போது அவர் அந்த கிளப்பின் டைரக்டர்களில் ஒருவர் வேறு!

"அதாவது போட்டு ஓனரே வலை இழுக்கிறாரு, பங்கும் வாங்கலே?"

"ஆமா மாமா."

"வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாப்பா?"

அதே 1908இல் லண்டன் ஒலிம்பிக்ஸ். பிரான்சை 17–1 என்று துவைத்துத் தொங்கப் போட்ட டென்மார்க், இறுதி ஆட்டத்தில் இவரிடம் வந்து 2–0 என்று அடங்கியது. ஒரு கோல் கேப்டன் உட்வர்டுடையது. நான்கு வருஷம் கழித்து ஸ்டாக்ஹோமிலும் அதே கேப்டன், அதே டென்மார்க், 4–2. நடுவில் 1909இல் டாட்டன்ஹாமுக்குப் பெரிய கும்பிடு போட்டு விலகினார். அந்த வருஷம் முடிவதற்குள் செல்சி சட்டையில் நின்றார். அரசியல்வாதிகளின் ஓய்வைப் பார்த்துப் பழகிய நமக்கு இதெல்லாம் சகஜம்.

1914இல் முதல் உலகச் சண்டை வந்தது. பிள்ளைகள் பிரான்சில் சாகிறார்கள், இங்கே பந்தா கேட்கிறது என்று பத்திரிகைகள் ஏசின. அந்த டிசம்பரில் மிடில்செக்ஸ் ரெஜிமெண்டின் 17ஆவது பட்டாலியன் பந்தாட்டக்காரர்களுக்காகவே தொடங்கப்பட்டது. உட்வர்ட் அதற்கு முன்பே பட்டாளத்தில் பெயர் கொடுத்தாயிற்று. பிறகு இதற்கு மாறினார். வயது 35. கரையில் உட்கார்ந்து வலை பின்னினாலே போதும் என்று வீட்டார் சொல்கிற வயது.

1915 ஏப்ரலில் செல்சி முதல்முறையாக எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. முன்வரிசை ஆட்டக்காரர் பாப் தாம்சனுக்கு முழங்கை பிசகியிருந்தது. தாம்சனுக்கு ஏற்கெனவே ஒரு கண்தான். பட்டாளத்தில் உட்வர்டுக்கு லீவு கொடுத்து அனுப்பினார்கள். வந்து பார்த்தால் தாம்சன் எழுந்து நிற்கிறார். இதுவரை அணியைக் கொண்டுவந்தவர் அவர், அவரே ஆடட்டும் என்று உட்வர்ட் ஒதுங்கிக்கொண்டார். செல்சி 3–0 என்று தோற்றது. டீக்கடைத் தீர்ப்பு: காசு வாங்காதவனுக்குக் கோப்பை மட்டும் எதற்கு?

(அதே வருஷம் ஆகஸ்டில் புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மெல்போர்னில் ஆஸ்திரேலிய வெள்ளைக்காரப் பெண் மோலி ஃபிங்கைக் கல்யாணம் செய்துகொண்டார். அவ்வளவு பெரிய சண்டைக்கு நடுவிலும் வெள்ளைக்கார சர்க்கார் அதற்கு முகம் சுளிக்க நேரம் ஒதுக்கியது. இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் கட்டுமாவடி அப்போது தஞ்சாவூர் ஜில்லா. நாங்கள் அந்தப் பழியில் இல்லை.)

1916 ஜனவரியில் கையெறி குண்டு வெடித்து உட்வர்டின் தொடை கிழிந்தது. இரண்டு ஒலிம்பிக்ஸ் தங்கம் கொண்டுவந்த கால். ஊருக்கு அனுப்பினார்கள், தேறியதும் அதே வருஷம் திரும்பப் போனார். அந்த அளவுக்குப் பிடிவாதம்.

சண்டை முடிந்தபின் எசெக்சில் மாடு வளர்த்துப் பால் வியாபாரம் செய்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இங்கேதான் மூச்சு வந்தது.

"பாலுக்காச்சும் காசு வாங்குனாரா தம்பி?"

வாங்கியிருப்பார் என்றேன்.

செல்சிக்கும் சில வருஷம் டைரக்டராக இருந்தார். கடைசியில் லண்டன் ஈலிங்கில் ஒரு மருத்துவ விடுதியில் படுத்த படுக்கையானார். பந்தாட்டக்காரர்கள் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை. 1954 ஜனவரி 31 அன்று, 74 வயதில் இறந்தார்.