மாமியார் வீட்டிலும் ஷூட்டிங்

அமெரிக்க சுயாதீன சினிமாவின் பிதாமகன் என்று ஜான் கசாவெட்டிஸைக் கும்பிடுகிறார்கள். கும்பிடட்டும். அவரோடு குடும்பம் நடத்திய ஜீனா ரோலண்ட்ஸுக்குத்தான் முதலில் கோயில் கட்ட வேண்டும்.

1957இல், தான் நடித்த படத்துக்கு விளம்பரம் செய்ய நியூயார்க்கில் ஜீன் ஷெப்பர்டின் பின்னிரவு ரேடியோ நிகழ்ச்சிக்குப் போனார் மனிதர். போன வேலையைப் பார்க்காமல், இதைவிட நல்ல படம் என்னால் எடுக்க முடியும், பணம் அனுப்புங்கள் என்றார். தூக்கம் வராத ஜனங்கள் சுமார் 2000 டாலர் அனுப்பிவிட்டார்கள்! அப்படிக் கிளம்பியதுதான் ‘ஷேடோஸ்’. 1958இல் நள்ளிரவில் இலவசமாகப் போட்டுக் காட்டினார். ஓசியில் பார்த்தும் பலருக்குப் பிடிக்கவில்லை. பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தார். முதல் வடிவத்தைக் கொண்டாடிய ஜோனஸ் மேக்கஸ், இரண்டாவதைப் பார்த்துக் கொதித்தார். ஒரே விமர்சகரிடம் ஒரே படத்துக்கு மாலையும் செருப்பும் வாங்குவது லேசான காரியமில்லை.

பிறகு ஹாலிவுட் கூப்பிட்டது. ‘எ சைல்ட் இஸ் வெயிட்டிங்’ படத்தின் எடிட்டிங்கில் தயாரிப்பாளர் ஸ்டான்லி கிராமரோடு சண்டை, வெளியே அனுப்பப்பட்டார்.

இனி நம் வீடே ஸ்டூடியோ என்று முடிவெடுத்தார். ‘ஃபேஸஸ்’ அவர் வீட்டிலும் மாமியார் லேடி ரோலண்ட்ஸ் வீட்டிலும் எடுக்கப்பட்டது. (லேடி என்பது பட்டமில்லை, நடிப்புக்காக வைத்துக்கொண்ட பெயர்.) எடிட்டிங் வருஷக்கணக்கில் இழுத்தது. செலவுக்கு மற்றவர்கள் படத்தில் நடித்தார். ‘ரோஸ்மேரீஸ் பேபி’யில், சான்ஸுக்காக மனைவியைச் சாத்தானிடம் அடகு வைக்கும் நடிகன் வேஷம். நிஜத்தில் அவர் அடகு வைத்தது வீட்டைத்தான்: ‘எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்’ படத்துக்காக. நண்பர் பீட்டர் ஃபாக்கும், ஆமாம், டிவியில் துப்பறிந்த அந்த கொலம்போதான், 5 லட்சம் டாலர் போட்டு மாட்டிக்கொண்டார். கதாநாயகி ஜீனா. அவருக்கு அம்மாவாக கசாவெட்டிஸின் மாமியார், மாமியாராக கசாவெட்டிஸின் சொந்த அம்மா. சம்பந்திகள் இருவரையும் ஒரே செட்டில் வைத்து வேலை வாங்கிய துணிச்சலுக்கே ஆஸ்கார் கொடுத்திருக்கலாம். படத்தை வாங்க ஆளில்லை. தியேட்டர்காரர்களுக்குத் தாங்களே போன் போட்டு 1974இல் ஓட்டினார்கள். ஓடியது. இயக்குநருக்கும் ஜீனாவுக்கும் ஆஸ்கார் பரிந்துரை, அதோடு சரி.

கை சும்மா இருக்குமா? ‘தி கில்லிங் ஆஃப் எ சைனீஸ் புக்கி’ எடுத்தார், படுத்தது. ‘ஓப்பனிங் நைட்’ எடுத்தார், அமெரிக்காவில் சீந்துவாரில்லை. 1978இல் டி பால்மாவின் ‘தி ஃப்யூரி’யில் வில்லனானார். கிளைமாக்ஸில் அவர் உடம்பு வெடித்துச் சிதறும். அதையே கோணம் கோணமாகத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். அந்தச் சம்பளம் எங்கே போயிருக்கும் என்று சொல்ல ஜோசியர் வேண்டியதில்லை.